வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கும் போகுமா, சேர்?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் ஊராரிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில், டித்வா புயலால் பாதிக்கப்பட்ட மலைநாட்டு மக்களுக்காக நிவாரணம் சேர்த்தோம். பாடசாலைப் பிள்ளைகளும் உண்டியலோடு நின்றார்கள். அரிசி, பருப்பு, பால்மா, பாய், காசு என்று நம் ஊர் வழக்கம்போலக் கை நிறையக் கொடுத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அஸருக்குப் பிறகு ஒரு ராத்தா வந்தார். கையில் இரண்டு புதுச் சேலைகள், ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிப்பவர். காசை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார். "இந்தக் காசு வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கும் போகுமா, சேர்?" என்று கேட்டார்.

நாங்கள் "ஓம், போகும்" என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். இருபத்தொரு வருடமாகத் தெரியும்.

'நாங்கள்' என்று எழுதுவது மரியாதைக்காக அல்ல. சுனாமி நேரத்தில் எங்கள் பாடசாலை முகாமாக இருந்தபோது பட்டியல் எழுதிய ஆசிரியர்கள் ஆறு பேர். ஒருவர் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு மஃபிரத்தை வழங்கட்டும். ஒருவர் கட்டாரில் இருக்கிறார். மற்ற நால்வரும் கூடிப் பேசித்தான் இதை எழுதுகிறோம். அந்த ராத்தாவிடமும் கேட்டோம். "எழுதுங்க, பேர் மட்டும் போட வேணாம்" என்றார்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், பாடசாலை விடுமுறை. காலையில் கடல் வந்தது. நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். எல்லா மாவட்டங்களிலும் அதிக உயிரைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். இதை எங்கள் ஊராருக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகள் இன்று உண்டியல் பிடிக்கிறார்கள். அவர்களும் வாசிக்க வேண்டும்.

முதல் மூன்று நாளும் எந்த நிறுவனமும் இல்லை. எங்கள் முகாமுக்கு முதலில் வந்த சோறு சம்மாந்துறையிலிருந்து வந்தது. பிறகு அம்பாறைப் பக்கத்திலிருந்து சிங்களச் சகோதரர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் சோற்றுப் பார்சல்களோடு வந்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊரில் கோயிலில் சமைத்தார்கள், எங்கள் பக்கம் பள்ளியில் சமைத்தோம். யாரும் யாரிடமும் படிவம் கேட்கவில்லை. "எத்தனை பேர்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். பின்னர் வந்த சர்வதேச ஆய்வுகளும் இதையே சொல்லின. முதல் நாட்களில் உயிர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்களும் அயலூர் மக்களும்தான்.

அதற்குப் பிறகு வாகனங்கள் வரத் தொடங்கின. வெள்ளை நிறம், நீண்ட அன்ரனா, கதவில் ஒரு சின்னம். ஒரு நாள் ஐந்து வாகனம், இன்னொரு நாள் பன்னிரண்டு. ஒவ்வொருவரும் ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். ஒன்றில் குடும்பத் தலைவரின் பெயர், ஒன்றில் பிள்ளைகளின் வயது, ஒன்றில் வள்ளத்தின் நீளம். ஒருவர் எழுதிய பட்டியலை இன்னொருவர் ஏற்கமாட்டார். நாங்கள் சீ.ஆர். புத்தகம் ஒன்றில் முதலில் எழுதிய பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் தாய்ப் பட்டியல். அதைப் பார்த்துப் பார்த்து ஆறு பேரும் இரவிரவாக, மெழுகுதிரி வெளிச்சத்தில், ஒரே பெயர்களை ஒன்பது விதமான படிவங்களில் நிரப்பினோம்.

ஏன் இப்படி என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு வாசித்தும் கேட்டும் விளங்கிக்கொண்டோம். இன்று கொடுக்கிறவர்களுக்கும் அது விளங்க வேண்டும் என்பதால் சொல்கிறோம்.

உதவிப் பணம் ஒரு குழாயில் வருவதில்லை. ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் வரி கட்டுகிறார், இன்னொருவர் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு நூறு யூரோ அனுப்புகிறார். வரிப் பணம் அந்த நாட்டு அரசுக்குப் போய், அங்கிருந்து ஐ.நா. அமைப்பு ஒன்றுக்கோ உலக வங்கிக்கோ போகிறது. ஐ.நா. அமைப்பு தானே வந்து எங்கள் வாசலில் அரிசி அளப்பது குறைவு. அது ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும். அந்த நிறுவனம் ஓர் உள்ளூர் அமைப்போடு ஒப்பந்தம் போடும். உள்ளூர் அமைப்பு கிராம சேவகரிடம் வரும். கிராம சேவகர் எங்களிடம் வருவார். நாங்கள் சீ.ஆர். புத்தகத்தைத் திறப்போம்.

இந்தப் பாதையில் ஒவ்வொரு கையும் தனக்கு மேலே உள்ள கைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஜெர்மன்காரரின் காசுக்குத் தனி அறிக்கை, ஜப்பான்காரரின் காசுக்குத் தனி அறிக்கை. அதனால்தான் தனித்தனிப் படிவங்கள். ஒவ்வொரு கையும் தன் நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஐ.நா. அமைப்புகள் பொதுவாக நூற்றுக்கு ஏழு அளவில் எடுக்கும். அதற்குக் கீழே உள்ளவர்களும் எடுப்பார்கள்.

"பார்த்தீங்களா, தின்றுவிட்டான்கள்" என்று இதைச் சொல்லிக் கோபப்படுவது எளிது. நாங்களும் அன்று கோபப்பட்டோம். ஆனால் நம் மார்க்கம் ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தாரில் அதைச் சேகரித்துப் பங்கிடுகிற ஊழியரையும் ஒரு கூட்டமாகச் சொல்கிறது. சூரத்துத் தவ்பாவின் 60ஆவது வசனத்தைப் பாருங்கள். லொறிக்கு டீசல் வேண்டும், கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் வேண்டும். செலவு இருப்பது குற்றமல்ல. அது அளவுக்கு உட்பட்டதா, வெளியே சொல்லப்படுகிறதா என்பதே கேள்வி.

சுனாமிக்கு வந்த பணமும் கொஞ்சநஞ்சமல்ல. 2005 ஜனவரி 6ஆம் திகதி ஐ.நா. கேட்டது 97 கோடி 70 இலட்சம் டொலர். பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்குமாகக் கடைசியில் உலகம் கொடுத்தது ஏறத்தாழ 1,350 கோடி டொலர் என்று சுனாமி உதவிகளை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டமைப்பு கணக்கிட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முதல் வாரம் முடிந்த கையோடு "சுனாமிக்கு எங்களிடம் போதுமான பணம் சேர்ந்துவிட்டது, இதற்காக இனி அனுப்ப வேண்டாம்" என்று அறிவித்தது. உதவி அமைப்பு ஒன்று போதும் என்று சொன்னதை நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

அதே மதிப்பீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு வந்த பணம் 7,100 டொலருக்கு மேல். அதே 2004ஆம் ஆண்டு பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவானது 3 டொலர். அவர்களும் பசித்த வயிறுகள்தான், அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான் வந்தது. ஆனால் அந்த வெள்ளத்தை உலகம் தொலைக்காட்சியில் அவ்வளவாகப் பார்க்கவில்லை. பணம் தேவையைப் பார்த்து மட்டும் போவதில்லை, கண்ணில் படுவதைப் பார்த்தும் போகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய், ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் பெறுமதியில் காசும் உலர் உணவும், இறந்தவருக்கு 15,000 ரூபாய் என்று அரசாங்கம் கொடுத்தது. வீடு முழுதாகப் போனவருக்கு 250,000 ரூபாய், பகுதியாகச் சேதமானதற்கு 100,000 ரூபாய், தவணை தவணையாக வங்கிக் கணக்கில் விழுந்தது. இதற்குப் பின்னால் உலக வங்கி போன்றவற்றின் பணம் இருந்தது. பணம் கையில் வந்தபோது எங்கள் ஆட்கள் அதை வீணாக்கவில்லை. கல் வாங்கினார்கள், சீமெந்து வாங்கினார்கள், மேசனைப் பிடித்தார்கள். சாய்ந்தமருதில் பொலிவேரியன் என்ற பெயரில் ஒரு கிராமமே இருக்கிறது. தென்னமெரிக்க வீரர் ஒருவரின் பெயர் நம் வயல்கரைக்கு எப்படி வந்தது என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். உதவிப் பணத்தின் பாதை அவ்வளவு நீளம் என்று சொல்லிக்கொடுப்போம்.

கெட்டதும் நடந்தது. வள்ளம் கொடுப்பது வெள்ளைக்காரருக்குப் பிடித்த வேலை. படம் நன்றாக வரும். அழிந்ததைவிட அதிகமான சிறு வள்ளங்கள் கொடுக்கப்பட்டுவிட்டன என்று கடற்றொழில் நிபுணர்களே எச்சரிக்கும் அளவுக்குப் போனது. எங்கள் கரையில் வலையில்லாமல், இயந்திரமில்லாமல் புது வள்ளங்கள் வெயிலில் கிடந்தன. கடலுக்குப் போகாத ஆட்கள் பெயரிலும் வள்ளம் இருந்தது. கூலிக்குப் போனவர்கள் வள்ளக்காரர் ஆனதால், சில வள்ளங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. மூன்று நிறுவனங்களின் பட்டியலிலும் இருந்த ஒரு வீட்டில் மூன்று காஸ் அடுப்பு இருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத வீட்டில் மூன்று கல் அடுப்பு.

படிவங்களுக்கு நம் ஊர் விளங்கவில்லை. நம் பக்கம் வீடு பெண்ணின் பேரில் இருக்கும். சீதன வீடு. உம்மா ஒரு அறையில், மூத்த மகள் குடும்பம் ஒரு பக்கம், இளைய மகள் குடும்பம் இன்னொரு பக்கம், எல்லாம் ஒரே வளவு. படிவம் கேட்டதோ "குடும்பத் தலைவர்" பெயர். எழுதியதெல்லாம் ஆணின் பெயர். 'ஒரு வீட்டுக்கு ஒரு வீடு' என்பது கொள்கை. ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பம் இருந்தால் மூன்றுக்கும் ஒரே வீடு. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். தெற்கில் அது 100 மீற்றர். கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் நம் ஊர்களில் அந்த 200 மீற்றருக்குள் எத்தனை வளவுகள் இருந்தன என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நாம் எல்லோரும் பேசியது ஒன்றைத்தான். நமக்கு மேசையில் இடமில்லை. 2005 ஜூன் 24ஆம் திகதி அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்த முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகக் கையெழுத்திடவில்லை. ஹர்த்தால் வைத்தோம், பேசினோம், எழுதினோம். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டி முடிந்தன. அவையும் வழக்கு, இன விகிதம் என்று வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பணம் இருந்தது, வீடு இருந்தது, வீடில்லாத ஆட்களும் இருந்தார்கள். சாவிதான் கைக்கு வரவில்லை. அந்த ஆதங்கம் நியாயமானது. இன்றும் அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் கொழும்பு மேசையில் நமக்கு இடம் கேட்ட அதே வருடம், எங்கள் பாடசாலை மேசையில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறோம்.

ஒரு நிறுவனம் வீடு கட்டிக் கொடுக்க வந்தது. 200 வீடு. ஏன் 200 என்று கேட்டோம். திட்டம் எழுதி, வெளிநாட்டில் அனுமதி கிடைத்த எண்ணிக்கை அது. மாற்ற வேண்டுமென்றால் திரும்ப எழுதி அனுப்பிக் காத்திருக்க வேண்டும், அதற்குள் அந்தப் பணத்தின் காலக்கெடு முடிந்துவிடும் என்றார் அந்த அலுவலர். நல்ல மனிதர், இளைஞர். எங்கள் தாய்ப் பட்டியலில் 214 குடும்பம். "நாளைக்குக் காலையில் 200 பேர் தாருங்கள். யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், உங்கள் ஊர் உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு ஆறு பேரும் உட்கார்ந்தோம். பதினான்கு பேரை வெட்ட வேண்டும். யாரை வெட்டினோம் தெரியுமா? சத்தம் போடாதவர்களை. வாக்கு வேறு கிராம சேவகர் பிரிவில் உள்ளவர்களை. பள்ளி நிர்வாகத்தில் சொந்தம் இல்லாதவர்களை. வாடகைக்கு இருந்தவர்களை. "அவங்கட வீடு போகல்லதானே, வீட்டுக்காரன்ட வீடுதானே போனது" என்று எங்களில் ஒருவர் சொன்னார். அது நியாயம்போலத்தான் கேட்டது. எல்லோரும் தலையாட்டினோம்.

இந்த ராத்தா வெளியூரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். கணவர் கரைவலைக்குக் கூலிக்குப் போனவர். கடற்கரையில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். கணவரைக் கடல் கொண்டுபோனது. ஜனாஸா கிடைக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை, அப்போது எங்களிடம் ஐந்தாம் வகுப்பு. அவர்கள் பெயர் சீ.ஆர். புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருந்தது. நாங்களே எழுதியது. நாங்களே வெட்டினோம்.

வெட்டிய பதினான்கு பேரில் பதினொரு பேருக்குப் பிறகு வேறு வேறு வழியில் ஏதோ கிடைத்தது. மூன்று பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் "அந்த முகாமை அவர்கள் எடுத்துவிட்டார்கள், நாங்கள் வேறு முகாம்" என்றது. அத்தனை நிறுவனம் வந்தும் இந்த மூன்று பேரும் எல்லோருக்கும் இடையில் விழுந்துபோனார்கள். நிறுவனம் கூடக்கூட இடைவெளி குறையும் என்றுதான் நினைத்தோம். எல்லோரும் ஒரே பட்டியலைப் பார்த்தால்தான் அது குறையும். தனித்தனிப் பட்டியல் என்றால் இடைவெளியும் கூடும்.

பட்டியல் ஒட்டிய அன்று ராத்தா வந்தார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சேர், எண்ட பேர் முதல் லிஸ்டில இருந்ததுதானே?" என்று கேட்டார்.

நாங்கள் சொன்னோம்: "அது என்.ஜி.ஓ. காரங்கட முடிவு. நாங்க என்ன செய்யிற?"

இது பொய். இருபத்தொரு வருடம் ஊரில் நடமாடிய பொய். அந்த நிறுவனம் வாடகைக்காரரை வெட்டியது என்றுதான் ஊர் இன்றும் பேசுகிறது. வெட்டியது எங்கள் பேனை. அந்த நிறுவனம் எண்ணைச் சொன்னது, பெயரைச் சொல்லவில்லை. எங்களுக்கும் வேறு வழி இருந்தது. பதினான்கு பெயரையும் கையோடு பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய், இவர்கள் மிச்சம், அடுத்த நிறுவனத்துக்கு இவர்கள்தான் முதல் என்று எழுத்தில் கொடுத்திருக்கலாம். ஒரு தாள், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. செய்யவில்லை. பட்டியல் முடிந்தது, தலைவலி போனது என்று படுத்துவிட்டோம்.

ராத்தா இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். இது அவருடைய ஏழாவது வீடு. பிள்ளை வளர்ந்து பெரிய ஆளாகிவிட்டாள். சீதன வீடு இல்லாத ஒரு பெண் பிள்ளையின் கதை நம் ஊரில் எப்படிப் போகும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அன்று ஒரு வீடு கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் ஒருநாளும் எங்களிடம் கேட்டதில்லை. போன வெள்ளிக்கிழமைதான் கேட்டார். அதுவும் தனக்காக அல்ல, முகம் தெரியாத மலைநாட்டு ஆட்களுக்காக.

போன சனிக்கிழமை நால்வரும் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "எனக்கு அப்பவே தெரியும் சேர். அந்த லிஸ்டில இருந்தது உங்கட கையெழுத்துத்தானே. எண்ட பிள்ளைட கொப்பியில நான் தினமும் பார்க்கிற கையெழுத்து" என்றார். தேத்தண்ணி தந்தார். குடித்தோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி நாங்களும் கேட்கவில்லை.

இப்போது மலைநாட்டுக்கு வருவோம். கண்டி, பதுளை, நுவரெலியா என்று மண் சரிந்து ஊர்களே போயிருக்கின்றன. நிறைய அமைப்புகள் இறங்கியிருக்கின்றன. அரசாங்கம், இராணுவம், ஐ.நா., வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள், பள்ளிவாசல்கள், பன்சலைகள், கோயில்கள், தேவாலயங்கள், வட்ஸ்அப் குழுக்கள். அங்கும் வாடகைக்கு இருந்தவர்கள் இருக்கிறார்கள். காணி உறுதி என்று ஒன்றைக் கண்ணாலும் காணாத தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். "அவங்கட வீடு போகல்லதானே" என்று அங்கும் யாராவது இரவில் ஒரு மேசையில் சொல்லக்கூடும். பாதை உடைந்து, கெமரா போகாத இடங்களும் இருக்கின்றன. பங்களாதேஷின் 3 டொலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தின் பணமும் சுருங்கிவிட்டது. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியின் பெரும்பகுதியை நிறுத்தி, யூ.எஸ்.எயிட் நிறுவனத்தையே கலைத்துவிட்டது. 2016இல் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் கூடி, 2020க்குள் நிவாரணப் பணத்தில் நூற்றுக்கு 25ஐ இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். நேரடியாகப் போகும் பங்கு இன்னும் பத்தைக்கூட எட்டவில்லை. உள்ளூர்க்காரரை நம்புங்கள் என்று நாமும் உலகத்திடம் கேட்கிறோம். கேட்பது சரி. ஆனால் நம்பி ஒரு பேனையைக் கையில் கொடுத்தபோது என்ன செய்தோம் என்பதையும் நாம் சொல்ல வேண்டும். நேரடியாக வந்தால் மட்டும் பணம் நீதியாகப் போய்விடாது.

அதனால் நம் பள்ளிவாசல் நிவாரணக் குழுவிடமும் ஊராரிடமும் இவற்றைக் கேட்கிறோம்:

1. சேர்ந்த காசு எவ்வளவு, பொருள் எவ்வளவு, லொறிக்கு எவ்வளவு என்று பள்ளி அறிவித்தல் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். செலவை மறைக்க வேண்டியதில்லை.

2. பழைய உடுப்பு இனி வேண்டாம். காசாகக் கொடுங்கள். சுனாமி நேரத்தில் வந்த உடுப்பு மூட்டைகளை நாங்கள்தான் எரித்தோம்.

3. நாமே லொறியோடு போய்க் கண்ணில் பட்ட முதல் ஊரில் இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. அந்த ஊர்ப் பிரதேச செயலகத்திடமும் அங்குள்ள பள்ளி, கோயில், பன்சலைக்காரரிடமும் "யாருக்குக் கிடைத்துவிட்டது?" என்று கேட்காதீர்கள். "யார் விடுபட்டிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். விடுபட்டவர்களின் பட்டியல் இல்லையென்றால், அதை எழுத உதவி செய்யுங்கள்.

4. முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று பார்க்கக்கூடாது. முதல் மூன்று நாளில் நமக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் பார்க்கவில்லை.

5. யாரையாவது பட்டியலிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், ஏன் எடுத்தோம், யார் எடுத்தோம் என்று பெயருக்கு நேரே எழுதிக் கையெழுத்து வையுங்கள். அந்தத் தாளையும் ஒட்டுங்கள். எங்களுக்கு அன்று அப்படிக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்திருந்தால், அந்தப் பதினான்கு பேரில் பாதிப் பேரையாவது வெட்டியிருக்க மாட்டோம்.

6. நம் ஊருக்கும் ஒரு பட்டியல் வேண்டும். அடுத்த கடல், அடுத்த வெள்ளம் வருமுன்னே. மஹல்லா வாரியாக, வாடகைக்கு இருப்பவர், வெளியூரிலிருந்து வந்தவர், தனித்திருக்கும் பெண்கள், படுக்கையில் கிடப்பவர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் எழுத நாங்கள் நால்வரும் தயார். உயர்தரப் பிள்ளைகளும் வருகிறோம் என்கிறார்கள்.

கடைசியாகக் கேட்க வேண்டியது. அந்த மூன்று குடும்பங்களில் ஒன்று ஊரைவிட்டுப் போய்விட்டது. மற்ற இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. நாங்கள் நால்வரும் எங்களால் இயன்றதைப் போட்டு ஒரு தொகையைத் தொடங்கியிருக்கிறோம். காணி ஒன்று பார்க்க வேண்டும். அது போதாது. இதை நாங்கள் தர்மம் என்று சொல்லவில்லை, கடன் என்றுதான் சொல்கிறோம். சேர விரும்புகிறவர்கள் எங்களில் ஒருவரை நேரில் சந்தியுங்கள். இதன் கணக்கும் பள்ளிப் பலகையில் ஒட்டப்படும்.

சீ.ஆர். புத்தகம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. தண்ணீர் பட்டு ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. கோடு போட்ட பதினான்கு பெயரும் கோட்டுக்குக் கீழே தெளிவாகவே வாசிக்கலாம். பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், காட்டுகிறோம்.

எங்களுக்காக துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.